ஊர் வீட்டுக்கு வைஃபை கேமராவும் மோட்டார் சுவிட்சும்: நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்

அப்பாவும் அம்மாவும் மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார்கள். நான் தாம்பரத்தில். அப்பாவுக்கு 74 வயது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். தொட்டி வழிந்து வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் பாசி பிடித்து, அது ஒரு பஞ்சாயத்து ஆகிவிட்டது. ராத்திரி கேட் சத்தம் கேட்டால் யாரென்று பார்க்க இருட்டில் எழுந்து போவார். அது இன்னொரு கவலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி பண்ணலாம் என்று வைஃபை கேமரா, போனிலிருந்து இயக்கும் சுவிட்ச் என்று இறங்கினேன்.

ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன், நான்கு மாதம் இழுத்தது. மொத்தச் செலவு ரூ. 13,900. அதில் ரூ. 3,200 முழுத் தண்டம். இப்போது எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. ராத்திரி கேட் சத்தம் கேட்டால் அப்பா படுத்தபடியே போனில் பார்த்து, "நாய்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார். அதனால் வேண்டாம் என்று உங்களைத் தடுக்க வரவில்லை. வரிசை தப்பாமல் செய்தால் இரண்டு சனி ஞாயிறில் முடிகிற வேலை இது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எந்தத் தொல்லை தீர வேண்டும் என்று எழுதுங்கள்

கடைக்கோ ஆன்லைனுக்கோ போவதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு வரி. "கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும்." "தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்க வேண்டும்." அவ்வளவுதான். இதைச் செய்யாததால் நான் ஸ்மார்ட் பல்பு ஒன்றும் வாங்கினேன். அது எரியாத நேரத்திலும் அதற்குக் கரண்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்பாவோ ஐம்பது வருடப் பழக்கத்தில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். பல்பு ஒருநாளும் போனில் தெரிந்ததில்லை. நல்லவேளை, அதை நண்பன் ஒருவன் விலை கொடுத்து எடுத்துக்கொண்டான்.

எழுதிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கேள்வி போடுங்கள்: இதற்கு இணையம் வேண்டுமா? தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்த இணையமே வேண்டாம். அந்தக் கதை எட்டாவது படியில்.

2. வீட்டு இணையத்தை முதலில் சோதியுங்கள்

கேமரா மாட்டப்போகும் இடத்தில் போனோடு போய் நில்லுங்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெளியூரிலிருந்து நீங்கள் படம் பார்ப்பதற்குத் தேவை பதிவேற்ற வேகம். ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) நிலையாகக் கிடைத்தால் போதும். பழைய வீடு, ஒன்றரைச் செங்கல் சுவர் என்றால் ஹாலில் 40 காட்டுவது திண்ணையில் 1 ஆகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. ரௌட்டரை ஹால் மூலையிலிருந்து ஜன்னல் பக்கம் மாற்றியதில் சரியானது, காசு செலவில்லை.

இன்னொன்று. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே வேலை செய்யும். புது ரௌட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டும். போன் 5-இல் நிற்கும், கேமரா 2.4-ஐத் தேடும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் திணறும். நான் முழு மத்தியானமும் இதில் தொலைத்தேன். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள், அல்லது இணைக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வையுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பல கருவிகள் சேராது. டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்தது என்று வையுங்கள்.

ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கலாம். உள்ளூர் கேபிள்காரர் போட்ட இணைப்பு என்றால் அவரிடம்தான் இருக்கும். கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். எங்கள் ஊர்க்காரர் கொடுக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

3. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கேமராவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும், அதன் கீழே ஆர் என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் வரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். பெட்டியில் இருப்பதும் அங்கே வருவதும் ஒன்றா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்க வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. கடையில் பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். தயாரித்த மாதமும் வருடமும் பெட்டியில் அச்சிட்டிருக்கும், பாருங்கள்.

வெளியில் மாட்டும் கேமரா ஐபி65 அல்லது ஐபி66 (தூசியும் மழைநீரும் புகாத தரம்) என்று இருக்கட்டும். ஐப்பசி அடைமழையைத் தாங்க வேண்டுமே. மெமரி கார்டு போடும் துளை இருக்கிறதா என்பது முக்கியம். அது இல்லாத மாடல் மலிவாக இருக்கும், பிறகு மாதாமாதம் சந்தா கட்டவைக்கும்.

பில். இதை அழுத்திச் சொல்கிறேன். ஜிஎஸ்டி எண், மாடல், சீரியல் எண் மூன்றும் அச்சிட்ட பில் வேண்டும். "எஸ்டிமேட்" என்று எழுதித் தரும் துண்டுச் சீட்டு பில் ஆகாது. ஐம்பது நூறு குறைகிறதே என்று அதை வாங்கிக்கொண்டு வந்தேன், அடுத்த படியில் அதற்கான கூலி கிடைத்தது.

ஆன்லைனில் வாங்கினால் நாள் கணக்கைப் பாருங்கள். திருப்பித் தரவோ மாற்றிக்கொள்ளவோ 7 நாளோ 10 நாளோதான் தருவார்கள். நான் தள்ளுபடி விற்பனையில் வாங்கி, தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பிரிக்கலாம் என்று பெட்டியை அப்படியே வைத்தேன். 19ஆம் நாள் திறந்தால் கேமராவின் ஸ்பீக்கர் கரகரவென்றது. கெடு முடிந்துவிட்டது. வாரண்டியில் அனுப்பி வேறு வர 24 நாள். எந்த ஊரில் மாட்டப்போகிறீர்களோ அது கிடக்கட்டும், பெட்டி வந்த அன்றே உங்கள் வீட்டு வைஃபையில் இணைத்து ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கையால்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இந்தக் கருவிகளுக்குச் சொந்தக்காரர் பணம் கொடுத்தவர் அல்ல. முதன்முதலில் யாருடைய கணக்கில் இணைக்கப்பட்டதோ அவர்தான்.

முதல் கேமராவை ஊரிலேயே ஒரு கடையில் ரூ. 2,400-க்கு வாங்கினோம். மாட்டுவதற்கு ரூ. 800. வந்த தம்பி நல்ல வேலைக்காரர், வயரைக்கூட அழகாக மறைத்து இழுத்தார். அப்பாவின் போனில் செயலியைப் போட ஜிமெயில் கடவுச்சொல் கேட்டது. அப்பாவுக்கு ஞாபகமில்லை. "பரவால்ல ஐயா, என் நம்பர்லயே போட்டு உங்களுக்கு ஷேர் பண்ணிடறேன்" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, உதவியாக நினைத்துத்தான் செய்தார். ஆனால் இரண்டு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, எங்கள் வீட்டுக் கேமராவில் எங்களால் எதையும் மாற்ற முடியவில்லை. "பகிரப்பட்ட சாதனம்" என்று காட்டுகிறது. கடவுச்சொல் மாற்ற முடியாது, பதிவை அழிக்க முடியாது. அவரோ எங்கிருந்தும் எங்கள் திண்ணையைப் பார்க்கலாம். அதற்குள் கடையை விட்டுப் போயிருந்தார். அந்த எண்ணும் உபயோகத்தில் இல்லை.

ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். கேமரா புதிதுபோல் எழுந்தது. ஆனால் என் கணக்கில் சேர்க்கும்போது "வேறொரு கணக்கில் உள்ளது" என்று மறுத்துவிட்டது. திருடிய கேமராவை வேறொருவர் பயன்படுத்தாமல் இருக்க வைத்திருக்கும் பூட்டு அது. நியாயமானதுதான், எங்களுக்குத்தான் வினையாகிவிட்டது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சீரியல் எண்ணோடு பில், கேமராவின் அடியில் உள்ள லேபிளின் படம் இரண்டும் கேட்டார்கள். லேபிள் இருந்தது. பில்? எஸ்டிமேட் சீட்டு. கடையில் போய்க் கேட்டால் "பில் புக் மாறிடுச்சு சார்." பன்னிரண்டு நாள் மின்னஞ்சல் போக்குவரத்துக்குப் பிறகு முடியாது என்றுவிட்டார்கள். கேமரா இப்போது பரணில்.

ஆகவே மாட்ட ஆள் வருவதற்கு முதல் நாளே இதைச் செய்து முடியுங்கள்:

கணக்கைத் தொடங்க நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள். அப்பாவின் பழைய சிம் எண்ணைக் கொடுக்காதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் பல மாதம் கிடந்தால் அந்த எண் இன்னொருவருக்குப் போய்விடும், அப்புறம் ஓடிபியும் அவருக்குத்தான்.

நாடு எது என்று கேட்கும் இடத்தில் இந்தியா என்று போடுங்கள், குடும்பத்தார் எல்லாரும் அதையே போடட்டும். சில செயலிகளில் வேறு வேறு நாட்டுக் கணக்குகளுக்கு இடையே பகிர முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் தங்கை அவளுடைய நாட்டைப் போட்டுவிட்டாள். பகிர்வு போகவே இல்லை. கணக்கை அழித்துத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும், நீளமாக இருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்பது) என்று இருந்தால் உடனே போட்டுவிடுங்கள். கடவுச்சொல்லை அப்பாவின் டைரியில் எழுதி பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். எழுதி வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். இணையத்தில் திருடுகிறவன் மயிலாடுதுறைக்கு வந்து பீரோவைத் திறக்கப் போவதில்லை, எனக்கு அது சரி என்றே படுகிறது.

சீரியல் எண்ணும் க்யூஆர் கோடும் உள்ள லேபிளை மாட்டுவதற்கு முன் படம் எடுங்கள். மாட்டிய பிறகு ஏணி வைத்துத்தான் எடுக்க முடியும். அந்தப் படத்தையும் பில்லையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். லேபிளை யாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். சில கேமராக்களை இணைக்கும் சாவியே அதில்தான் இருக்கும்.

மாட்ட வருகிறவரிடம் ஆணி, வயர், கோணம் மட்டும் வேலை. "போனைக் குடுங்க, நான் போட்டுத் தர்றேன்" என்றால், "நானே போட்டுக்கறேன் தம்பி" என்று சொல்லிவிடுங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

5. இணைக்கும் நாள்

வைஃபை கடவுச்சொல்லில் இடைவெளியோ விநோதக் குறிகளோ இருந்தால் சில கருவிகள் மறுக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வைத்தால் போதும். செயலி கேட்கும் அனுமதிகளில் இருப்பிடம் கொடுக்கத்தான் வேண்டும், ஆண்ட்ராய்டில் அக்கம்பக்க வைஃபையைத் தேட அது தேவை. "பயன்படுத்தும்போது மட்டும்" என்று கொடுங்கள். தொடர்புப் பட்டியல் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கேமராவுக்கும் உங்கள் மாமாவின் எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

போனில் வரும் க்யூஆர் கோடைக் கேமரா முன் காட்டச் சொன்னால் திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். இணைந்ததும் முதல் வேலை மென்பொருள் புதுப்பிப்பு. கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பாதியில் நின்றால் கேமரா எழுந்திருக்காமல் போகலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

6. எங்கே மாட்டுவது

கேட்டையும் திண்ணையையும் பார்த்தபடி, எட்டு ஒன்பது அடி உயரத்தில். அதற்கு மேல் போனால் தலை உச்சிதான் தெரியும். தெருவிளக்குக்கு நேர் எதிராக வைக்காதீர்கள்.

எங்கள் கேமராவின் ஓரத்தில் எதிர்வீட்டு வராண்டா விழுந்தது. மூன்றாம் நாள் எதிர்வீட்டு அத்தை வந்து, "ஏன் தம்பி, எங்க வீட்டையும் சேத்துப் பாக்கறியா?" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள், ஆனாலும் கேட்டுவிட்டார்கள். பல செயலிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. மறைத்து, அத்தையிடமே போனைக் காட்டினேன். வாடகைக்குக் குடியிருப்பவர்களின் கொல்லைப்புறம், குளியலறைப் பக்கம் போன்ற இடங்களைக் கேமரா தொடவே கூடாது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமில்லாமல் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவில் மூன்று வருடம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

வீட்டுக்குள் கேமரா வேண்டுமா என்று நன்றாக யோசியுங்கள். அம்மா விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே என்று ஹாலில் ஒன்று வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் படம் முழுக்க ஈரிழைத் துண்டு. போன் செய்தேன். "நான் நைட்டியோட இருக்கறத நீ ஆபீஸ்ல உக்காந்து பாக்கணுமா?" என்றார் அம்மா. பதில் இல்லை. இப்போது அந்தக் கேமரா சமையலறைக்குப் போகும் நடையில் இருக்கிறது, அம்மா ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் கரண்ட் கொடுக்கிறோம். வேலைக்கு வரும் அக்காவிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிட்டோம். சொல்லாமல் வைப்பது மரியாதையில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2025 தொடக்கத்தில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே போய் விலைக்கு விற்கப்பட்ட செய்தி வந்தது. விசாரணையில் தெரிந்தது, இப்படித் திறந்து கிடந்த கேமராக்களின் கடவுச்சொல் "அட்மின்123" என்ற ரகம். வெளியே போனால் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய காட்சிகள் விழும் இடத்தில் மட்டும் கேமரா வையுங்கள். நான் இப்போது பின்பற்றும் அளவுகோல் இதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். ராத்திரிப் பார்வைக்கான விளக்குச் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், அதன் வலை அசைந்தால் "ஆள் நடமாட்டம்" என்று போன் அலறும். முதல் ராத்திரி எனக்கு 140 எச்சரிக்கைகள். மனிதர்களை மட்டும் அறியும் அமைப்பைப் போட்டு, வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் துடைக்கச் சொல்லுங்கள்.

7. பதிவு எங்கே போகிறது

மெமரி கார்டா, கிளவுடா (இணையம் வழியாக நிறுவனத்தின் கணினியில் சேமிப்பது)? கணக்கு எளிது. 2 எம்பிபிஎஸ்ஸில் நாள் முழுக்கப் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி. 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய மூன்று நாள் நிற்கும், பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். அசைவு இருந்தால் மட்டும் பதி என்று வைத்தால் இரண்டு மூன்று வாரம்கூட வரும். எங்களுக்கு அது போதும்.

திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் போச்சு. கிளவுடின் பலன் அது ஒன்றுதான். அதற்கு மாதச் சந்தா, பதிவு வேறொருவரின் கணினியில். நான் எடுக்கவில்லை. முதல் மாதம் இலவசம் என்று சொல்லிக் கார்டு விவரம் கேட்கும், கொடுத்தால் அடுத்த மாதம் தானாகக் கழியும், கவனம். மெமரி கார்டில் போலிகள் அதிகம். கேமராவுக்கென்றே விற்கும் நீடித்துழைக்கும் ரகம் வாங்குங்கள், கொள்ளளவு சோதிக்கும் இலவச மென்பொருளில் போட்டு நிஜமாகவே 64 தானா என்று பாருங்கள்.

8. மோட்டார்: இங்கே அவசரப்படாதீர்கள்

16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வாங்கி மோட்டாரை அதில் செருகலாம் என்றுதான் நானும் போனேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் தடுத்தார். அவர் சொன்னது இது: ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிளக்குக்குள் இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் அந்த அடியில் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் போனில் எத்தனை முறை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. போனில் "அணைந்தது" என்று காட்டும், அங்கே தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்.

சரியான முறை: ஸ்மார்ட் சுவிட்ச் ஒரு கான்டாக்டரின் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்க வேண்டும், மோட்டாரின் பாரத்தைக் கான்டாக்டர் சுமக்க வேண்டும். சுவிட்ச் ரூ. 1,100, கான்டாக்டரும் பெட்டியும் ரூ. 1,300, கூலி ரூ. 700 ஆனது. பச்சைப் பொத்தானை அழுத்திவிடும் ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் கொடுத்தால் மட்டும் மோட்டார் கிளம்பாது, வயரிங் வேறு மாதிரி. த்ரீ ஃபேஸ் என்றால் நீங்கள் கையே வைக்காதீர்கள். வயல் மோட்டாருக்கு சிம் கார்டு போட்டு போன் செய்தால் ஓடும் ஸ்டார்ட்டர் டெல்டா முழுக்கக் கிடைக்கிறது, அதுதான் பொருத்தம்.

இனி முக்கியமான பொறி. செயலியில் "கரண்ட் வந்ததும் என்ன நிலை" என்று ஓர் அமைப்பு இருக்கும்: அணைந்தே இரு, எரி, முன்பிருந்த நிலை. மோட்டாருக்கு எப்போதும் "அணைந்தே இரு". எங்களுக்கு "முன்பிருந்த நிலை" என்று இருந்தது. மோட்டார் ஓடும்போது கரண்ட் போய், அப்பா அதை மறந்து, ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பிவிட்டது. காலை வரை ஓடியது. அத்தோடு தானாக அணையும் நேரமும் வையுங்கள். எங்கள் தொட்டி 22 நிமிடத்தில் நிரம்பும், 25 நிமிடம் என்று வைத்திருக்கிறேன். அந்த நேரத்தைக் கருவியே எண்ணும்படி இருக்க வேண்டும். இணையம் அறுந்தாலும் அணைகிறதா என்று ரௌட்டரை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தொட்டியில ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும் சார்." உண்மைதான். நிரம்பினால் மிதவை மேலே வரும், மோட்டார் நிற்கும். சில நூறு ரூபாய். அதையும் போட்டுவிட்டோம். இப்போது அதுதான் நிஜக் காவல்காரன், என் செயலி வெறும் வேடிக்கை பார்க்கிறது. உங்கள் தேவை தொட்டி வழியாமல் இருப்பது மட்டும் என்றால் ஸ்மார்ட் சுவிட்சை விட்டுவிடுங்கள், ரூ. 3,100 மிச்சம். கிணறு வற்றினால் காற்றில் ஓடி மோட்டார் எரியாமல் தடுக்கும் கருவியும் தனியாகக் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

கீசருக்கு ஸ்மார்ட் பிளக் போடுகிறவர்களுக்கு: 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர், 3,000 வாட் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் பிளக்கில் 3,000 வாட் போட்டால் உருகும்.

9. ரௌட்டரில் செய்ய வேண்டியவை

நிர்வாகப் பக்கம் பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில் திறக்கும். முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்துக்கொண்டது, தொழிற்சாலையில் வைத்த அறுபது சொச்சம் கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே. பிறகு யூபிஎன்பி (கருவிகள் தாமாகவே வெளியே வழி திறந்துகொள்ளும் வசதி) என்பதை அணையுங்கள், வெளியிலிருந்து ரௌட்டரை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அதையும் மூடுங்கள்.

விருந்தினர் வைஃபை இருந்தால் கேமரா, சுவிட்ச், டிவி எல்லாவற்றையும் அதில் போடுங்கள். அப்பா வங்கிச் செயலி திறக்கும் போன் முதன்மை வைஃபையில் இருக்கட்டும். கேமராவை யாராவது பிடித்தாலும் போன் பக்கம் தாவ முடியாது. ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிட்டால் வெளியிலிருந்து நேராகப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் செய்யாதீர்கள், ஊருக்கே கதவைத் திறந்து வைப்பது அது.

ரௌட்டர் மாற்றும் நாள் ஒன்று வரும். புது ரௌட்டரிலும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள், கருவிகள் தாமாகச் சேர்ந்துகொள்ளும். பெயர் மாறினால் ஒவ்வொன்றுக்கும் ஏணி ஏற வேண்டும்.

10. கரண்ட் போனால்

ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ரூ. 1,400-க்கு வாங்கினேன். ரௌட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்கு ஈடாக வாங்குங்கள். மூன்று மணி நேரம் தாங்குகிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று பகல் முழுக்கத் தாங்காது. கேபிள்காரரின் தெருப்பெட்டிக்கும் பேட்டரி உண்டா என்று கேளுங்கள், அங்கே கரண்ட் இல்லாவிட்டால் உங்கள் யூபிஎஸ்ஸால் பலனில்லை. இடி மின்னல் அன்று கேமரா அடாப்டரைப் பிடுங்கி வைக்க அப்பாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். கேமரா இல்லாமல் ஒரு ராத்திரி ஓட்டலாம்.

11. செலவுக் கணக்கு

வெளிக் கேமரா ரூ. 2,800, உள்ளே ரூ. 1,900, இரண்டு கார்டு ரூ. 1,500, மினி யூபிஎஸ் ரூ. 1,400, மோட்டார் வேலை ரூ. 3,100. ஃப்ளோட் சுவிட்சின் சில நூறு தவிர, ஆக ரூ. 10,700. பரணில் கிடக்கும் கேமராவும் அதை மாட்டிய கூலியும் ரூ. 3,200. இணையம் ஏற்கெனவே இருந்தது, மாதம் ரூ. 589 வரியோடு. இதில் அவசியமானது வெளிக் கேமரா, ஒரு கார்டு, யூபிஎஸ், ஃப்ளோட் சுவிட்ச் மட்டும். ஆறாயிரத்தை ஒட்டி முடிந்திருக்கும்.

12. தகராறு வந்தால், கழற்றும்போது

கடைக்காரர் பில் தர மறுத்தாலோ வாரண்டியில் இழுத்தடித்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கேமராக் காட்சியைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தார்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. படம் வெளியே போயிருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம், காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். அதற்கு முன் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

கேமராவை விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்களா? முதலில் செயலியில் உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள், பிறகு ரீசெட், பிறகு கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் வாங்குகிறவருக்கு எனக்கு வந்த தலைவலிதான் வரும். பழையது வாங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் அவர் எதிரிலேயே உங்கள் கணக்கில் இணைத்துப் பாருங்கள். எங்கள் பரண் கேமராவை யாராவது கேட்டால்கூட நான் கொடுக்கப்போவதில்லை. அது இன்னும் அந்தத் தம்பியின் பெயரில்தான் இருக்கிறது.